கரியமிலவாயுவும் ஈடுசெய்தலும்

பிறர்க்கு இழப்பு உண்டாக்கியவர் அதற்கு ஈடு செய்தல் உலக வழக்கு. காற்றிற்கு இழைத்த கேட்டிற்கும் அவ்வாறே ஈடு செய்ய ஒரு முறை இக்காலத்தில் வகுக்கப்பட்டுள்ளது.

காற்றில் கரியமிலவாயு மிகச் சிறிய அளவினதே. எனினும், நிலத்தினின்று எழும் வெப்பத்தை விண்ணிற் செல்லவொட்டாது தடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆலைகள் பெருகுதற்கு முன்னர்ப் பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த இவ்வாயு, இன்று 420 பங்கினும் மிகுந்துள்ளது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தலே இதற்குத் தலையாய காரணம். உலகம் வெப்பமுறுதல் இதன் விளைவாகும்.

இவ்வாயுவை வெளியிடுவோர், பிறிதோரிடத்தில் அதே அளவு வாயு குறையுமாறு பொருளுதவி செய்தலே ஈடுசெய்தல் எனப்படும். எங்கே எழுந்த வாயுவும் உலகக் காற்று முழுவதிலும் கலத்தலின், எங்கே குறைத்தாலும் பயன் ஒன்றே என்பது இதன் அடிப்படை. மரம் நடுதல், காடு காத்தல், காற்றாலை நிறுவுதல், புகை குறைந்த அடுப்பு வழங்குதல் முதலியன இவ்வுதவி பெறும் பணிகளாம். ஒரு டன் வாயு குறைந்தால் ஒரு சான்றிதழ் வழங்கப்படும். அதனை விலைக்கு வாங்குவோர் தம் கணக்கில் ஒரு டன்னைக் கழித்துக்கொள்வர்.

அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலத்தில் நிலக்கரி மின்நிலையம் அமைத்த நிறுவனத்தார், அதன் புகைக்கு ஈடாகக் குவாதமாலா நாட்டு உழவர் மரம் நடுதற்கு 1980களின் இறுதியில் பொருள் வழங்கினர். இத்துறையின் முன்னோடி முயற்சிகளுள் இதுவும் ஒன்று. ஜப்பானின் கியோட்டோ நகரில் 1997ஆம் ஆண்டு உருவான உடன்படிக்கை, இதனை நாடுகளுக்கிடையே நிகழும் வாணிகமாக்கிற்று.

இம்முறையால் மெய்யாகவே பயன் உண்டா? மூன்று வினாக்களால் இதனை ஆராய்தல் வேண்டும்.

அப்பொருளுதவி இன்றியும் அப்பணி நடந்திருக்குமா என்பது முதல் வினா. எவரும் வெட்டக் கருதாத காட்டைக் காத்ததாகச் சான்றிதழ் பெறுதல், மழையால் விளைந்த வயலுக்கு நீர் இறைத்ததாகக் கூலி கேட்பதனை ஒக்கும்.

கேடு இடம்மாறிச் செல்லுமா என்பது இரண்டாம் வினா. ஒரு காடு காக்கப்பட, வெட்டுவோர் அடுத்த காட்டிற்குச் செல்வராயின் பயன் யாது?

பயன் நிலைக்குமா என்பது மூன்றாம் வினா. 2021ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மூண்ட பெருந்தீ, ஈடாகக் கணக்கிடப்பட்ட காட்டின் ஒரு பகுதியையும் எரித்தது. மரம் சேர்த்த கரி மீண்டும் காற்றையே அடைந்தது. நிலக்கரியினின்று எழுந்த வாயுவிலோ, ஒரு பகுதி பல்லாயிரம் ஆண்டுகள் காற்றில் தங்கும். நெடுநாட் கடனுக்குக் குறுகிய நாள் ஈடு போதாது.

மற்றொரு கேடும் நேர்ந்தது. குளிர்பதனத்திற்குரிய ஒரு பொருளை ஆக்குங்கால், கரியமிலவாயுவினும் பல்லாயிரம் மடங்கு வெப்பந் தடுக்கும் கழிவுவாயு ஒன்று தோன்றும். அதனை அழித்த ஆலைகளுக்குச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. அழிக்கும் செலவினும் சான்றிதழின் விலை பன்மடங்காகவே, கழிவு மிகுதலே ஊதியமாயிற்று. நோய் தீர்ப்பார்க்கு அளித்த பரிசு நோயை வளர்க்கத் தூண்டியது. 2013ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் அச்சான்றிதழ்களை விலக்கியது.

இக்குறைகளால் ஈடுசெய்தல் முற்றும் பயனற்றதாகிவிடாது. செவ்வையாக ஆய்ந்து நடத்தப்பெறின், அழியவிருந்த காடு பிழைக்கும். புகையால் வருந்திய அடுக்களை தூய்மையுறும். ஆயினும், ஓட்டைக் குடத்தில் நீர் நிறைக்க விழைவார் முதற்கண் ஓட்டையை அடைத்தல் வேண்டும். தாம் எழுப்பும் புகையை இயன்றவரை குறைத்து, எஞ்சியதற்கு மட்டும் ஈடு தேடுவதே நேரிய நெறியாகும்.