வாலில் ஒரு சேமிப்பு

நம் ஊர்ச் செம்மறி ஆட்டின் வாலைப் பாருங்கள். ஒல்லியாக இருக்கும். ஆப்கானிஸ்தான், ஈரான் நாடுகளில் உள்ள பல ஆடுகளின் வாலோ பை போலத் தொங்கும். அதில் இருப்பது கொழுப்பு. சில ஆடுகளின் வால் மட்டுமே பல கிலோ எடை இருக்கும். பக்ரீத் சமயத்தில் நம் நாட்டில் விற்கப்படும் தும்பா ஆடும் இந்த வகைதான்.

எதற்கு இவ்வளவு கொழுப்பு? அந்த நாடுகளில் கோடையில் புல் கருகிவிடும். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். மேய்ச்சல் கிடைக்காது. அப்போது வாலில் உள்ள கொழுப்பு கரைந்து ஆட்டுக்குச் சக்தி தரும். நாம் குதிரில் நெல் சேர்த்து வைப்பதைப் போலத்தான் இது.

நிறையத் தீனி போட்டால் நம் ஆட்டுக்கும் அப்படி வால் வருமா? வராது. அது பிறப்பில் வருவது. உடல் எப்படி அமைய வேண்டும் என்ற செய்தி மரபணுக்களில் இருக்கிறது. குட்டிக்குப் பாதி தாயிடமிருந்தும், பாதி தகப்பனிடமிருந்தும் வருகிறது. கொழுப்பு வால் கிடாவை ஒல்லி வால் பெட்டையுடன் சேர்த்தால், குட்டியின் வால் பெரும்பாலும் நடுத்தரமாக இருக்கும்.

ஒரே மந்தையிலும் வேறுபாடு உண்டு. ஒரே காட்டில் மேய்ந்தாலும் ஓர் ஆடு சதைப்பிடிப்பாக இருக்கும். இன்னொன்று மெலிந்து இருக்கும். குடற்புழு, நோய், வயது ஆகியவை காரணமாக இருக்கலாம். பரம்பரையும் ஒரு காரணம்.

நாம் செய்யும் தவறு என்ன? நன்றாக வளரும் கிடாக் குட்டிக்கு நல்ல விலை கிடைக்கும். அவசரச் செலவுக்கு அதையே முதலில் விற்றுவிடுகிறோம். நோஞ்சான் கிடா மந்தையில் தங்கிவிடுகிறது. அதுவே அடுத்த குட்டிகளுக்குத் தகப்பன் ஆகிறது. மந்தையின் தரம் குறைந்துகொண்டே போகிறது.

இதை மாற்றலாம். கோடையின் கடைசியில் ஆட்டின் இடுப்புப் பக்கம் முதுகெலும்பைத் தடவிப் பாருங்கள். எலும்பு கூராகக் குத்தினால் உடலில் சேமிப்பு இல்லை. சதை மூடி இருந்தால் சேமிப்பு உண்டு. தீனி குறைந்த காலத்திலும் தளராத ஆடு எது? அதன் குட்டி எது? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இப்போது உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே!

அந்தத் தாயின் நல்ல கிடாக் குட்டி ஒன்றை விற்காதீர்கள். பொலிகிடாவாக வளர்த்திடுங்கள். ஆனால் தாயோடும், உடன்பிறந்த பெட்டைகளோடும் அதைச் சேர விடாதீர்கள். வேறு மந்தைக்காரரோடு கிடாவை மாற்றிக்கொள்ளலாம்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். ஆட்டு மந்தையில் தகப்பனையும் பார்க்க வேண்டும்.