சுட்டால் அது துப்பாக்கிதான்

கோட்டைச் சுவரில் இரும்புக் கவையை ஊன்றி, அதன்மேல் வைத்துச் சுடுவதற்கென்றே பெருங்குழல் துப்பாக்கிகள் ஒரு காலத்தில் இருந்தன. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டிக் கெட்டித்து, குண்டை இறக்கிச் சுடுவார்கள். ஆள் உயரத்துக்கு நீளம். தோளில் வைத்துச் சுட்டால் உதைப்பு தாங்காது. கண்டி அரசின் படையிடம் இருந்த கொடித்துவக்கும் இந்த இனம்தான்.

அமெரிக்க ஆர்வலர்கள் இவற்றின் நகலைச் செய்து வெடித்துக் காட்டும் வீடியோக்கள் நம் கைபேசிக்கும் வருகின்றன. அந்நாட்டின் 1968-ஆம் ஆண்டுச் சட்டம், வாய்வழி மருந்திடும் பழம்பாணித் துப்பாக்கிகள் பலவற்றுக்கு விலக்கு தருகிறது. அதை நம்பி நம்மூர் லேத் பட்டறையில் குழல் கடையக் கொடுத்தால் சிறைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ஆம் ஆண்டு இந்தியப் படைக்கலச் சட்டப்படி, வெடிமருந்தின் விசையால் குண்டை எறியும் எதுவும் துப்பாக்கியே. அதன் பாகங்களும் அப்படியே. உரிமமின்றித் தயாரித்தால், 2019 திருத்தத்தின்படி 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை.

பழம்பொருளுக்கு 45-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால், பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். துருப்பிடித்திருக்கிறது என்பது மட்டும் போதாது.

பயிர்க் காவலுக்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு விவசாயி உரிமம் கேட்கலாம். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் மறுக்க முடியாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

ஆபத்து எங்கே?

குழலின் பின்மூடியில். அழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும், குழலின் உள்விட்டம் இரண்டு மடங்கானால் மூடியைப் பின்னுக்குத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மரையின் பிடி விட்டால் மூடி பாய்வது சுடுபவரின் முகத்தை நோக்கித்தான். குழலுக்குப் பதில் தண்ணீர்க் குழாயை வைத்தாலோ, அது இந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. பற்றவைப்பு ஓடிய இடத்தில் பிளந்துகொள்ளும்.

இந்தத் துப்பாக்கிகளில் இடும் கருமருந்துக்கு வயதாவதும் இல்லை. 2008-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், 1860-களின் உள்நாட்டுப் போர்க்கால பீரங்கிக் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து இறந்தார்.

வீட்டில் பழைய துப்பாக்கி இருந்தால்?

உள்ளே மருந்து இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். குழலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். கம்பி விட்டுக் குடையாதீர்கள். வெல்டிங், கிரைண்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். காவல் நிலையத்துக்கு முதலில் தகவல் சொல்லுங்கள். நீங்களாகப் பையில் போட்டுப் பேருந்தில் எடுத்துச் செல்ல வேண்டாம். உரிமம் பெற்றிருந்த தாத்தா இறந்துவிட்டால், வாரிசுகள் தாமதமின்றி நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். மண்ணைத் தோண்டும்போது கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

காவல் துறை கைப்பற்றினால் பறிமுதல் பட்டியலின் நகலைக் கேளுங்கள். வழக்கானால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லை.

நாடகத்துக்கோ கண்காட்சிக்கோ நகல் வேண்டுமானால் தச்சரிடம் போங்கள். துளையிடாத முழு மரத்தில் செய்து வண்ணம் பூசினால் பார்வைக்குப் போதும். இரும்புக் குழலில் துளை போடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.