வட கொரியாவின் அபலைகள்

பசிக்குப் பயந்து ஊரை விட்டு ஓடுகிறவன் அகதியல்லன், கூலி தேடி வந்தவனே என்று சொல்லிக் கதவை அடைப்பது இக்காலத்துச் சர்க்கார்கள் பலவற்றின் வழக்கமாகிவிட்டது. இந்தச் சொல்லால் லாபமடைகிறவர் யாரென்று ஆராய்ந்தோமானால், மனிதரை விலைக்கு விற்கும் தரகனே முதலில் வந்து நிற்கிறான். வட கொரியாவினின்று சீனாவுக்குத் தப்பி வரும் ஸ்திரீகளின் கதை இதற்குத் தக்க திருஷ்டாந்தம்.

இவ்விரு தேசங்களுக்கும் நடுவே யாலு, துமென் என்னும் நதிகள் எல்லையாக ஓடுகின்றன. துமென் சிலவிடங்களில் மிகவும் குறுகலானது. குளிர்காலத்தில் உறைந்து போய் நடந்தே கடக்கும்படி ஆகிவிடும். 1990-களின் நடுவில் வட கொரியாவில் கொடிய பஞ்சம் உண்டாயிற்று. மாண்டவர் சில லட்சம் பேரென்று மதிப்பிடுவோரும் உண்டு. 20 லட்சத்துக்கு மேலென்போரும் உண்டு. சர்க்கார் அளந்து வந்த தானியம் நின்று போகவே, ஜனங்கள் இரவோடிரவாக ஆற்றைக் கடக்கலானார்கள்.

வெள்ளமும், சோவியத் உதவி நின்றதும் அப்பஞ்சத்துக்குக் காரணங்கள் என்பது மெய்யே. ஆனால் அத்தேசத்தில் ஒவ்வொரு குடும்பமும் பாட்டனார் காலத்து விசுவாசத்தைக் கொண்டு தரம் பிரிக்கப்பட்டிருக்கிறது. எங்கே வசிப்பது, என்ன வேலை செய்வது என்பவற்றில் அத்தரத்துக்குப் பெரும் பங்குண்டு. ஊர் விட்டு ஊர் போக அநுமதிச் சீட்டு வேண்டும். ‘எங்களுக்குச் சோறில்லை’ என்று எழுத ஒரு பத்திரிகை கிடையாது. இத்தகைய ராஜ்யத்தில் பசியை வேறு, ராஜீயத்தை வேறு என்று பிரிப்பது எவ்வாறு? ஆஸ்திரேலிய நீதிபதியாயிருந்த மைக்கேல் கிர்பியின் தலைமையில் ஐக்கிய நாடுகள் சபை நியமித்த விசாரணைக் கமிஷன், 80-க்கு மேற்பட்ட சாட்சிகளைப் பகிரங்கமாக விசாரித்து, அங்கு நடப்பவை மனித குலத்துக்கு விரோதமான குற்றங்களென்று 2014-ல் தீர்ப்புரைத்தது. வேண்டுமென்றே ஜனங்களைப் பட்டினியில் வாட்டியதையும் அது அக்குற்றங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

இனித் தரகனைப் பார்ப்போம். ‘அக்கரையில் ஹோட்டலில் வேலையுண்டு, சில மாதம் சம்பாதித்துத் திரும்பலாம்’ என்று ஆசை காட்டி அவன் பெண்ணை அழைத்துப் போகிறான். அக்கரையிலோ, ஆண் குழந்தையையே விரும்பிய வழக்கமும், 2015 வரை நீடித்த ‘ஒரே குழந்தை’ச் சட்டமும் சேர்ந்து, பெண் கிடையாத கிராமங்களை உண்டாக்கி வைத்திருந்தன. அங்கே அவள் குடியானவனுக்கு மனைவியாக விற்கப்படுகிறாள். விபசார விடுதிக்கு விற்கப்பட்டவர்களும் உண்டு. சமீப வருஷங்களில் பூட்டிய அறைக்குள் கணினித் திரையின் முன் மானத்தை விற்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்டவர்களும் உண்டு.

பெண்ணை விற்பவனுக்குச் சீனச் சட்டத்தில் மரண தண்டனை வரை உண்டு, வாங்கியவனும் தண்டனைக்குரியவன். அப்படியிருக்க, அவள் ஏன் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடவில்லை? ஓடினால் அவளையே பிடித்து ஆற்றுக்கு அப்பால் அனுப்பிவிடுவார்கள். 1986-ல் இரு சர்க்கார்களும் செய்துகொண்ட எல்லை உடன்பாடு அதற்கு இடந்தருகிறது. தரகன் கையில் கத்தி வேண்டியதில்லை. ‘போலீஸுக்குச் சொல்லிவிடுவேன்’ என்ற ஒரு வார்த்தையே போதும். சட்டம் அவளுக்குக் கேடயமாயிருப்பதற்குப் பதிலாக அவனுக்குச் சாட்டையாயிருக்கிறது.

திருப்பியனுப்பப்பட்டவர்களுக்கு நேர்வதென்ன? விசாரணை, அடி, தொழிற் சிறை. சீனத் தகப்பனுக்குக் கர்ப்பம் தரித்தவளென்று சந்தேகம் எழுந்தால் பலாத்காரக் கருச்சிதைவு. இவை மேற்சொன்ன கமிஷன் முன் சாட்சிகள் சொன்னவை.

சட்டத்தின் பார்வையிலேயே இதைச் சோதிப்போம். 1951-ஆம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் சீனா 1982-ல் சேர்ந்தது. கொடுமைக்குள்ளாகுமிடத்துக்கு அகதியைத் திருப்பியனுப்பலாகாது என்பது அதன் 33-ஆவது ஷரத்து. புறப்பட்டபோது பசி ஒன்றே காரணமாயிருந்தாலும், திரும்பினால் ராஜ தண்டனை காத்திருக்குமாயின் அவர் அகதியே என்பது அங்கீகரிக்கப்பட்ட நியாயம். ஆதலால் ‘கூலி தேடி வந்தவர்கள்’ என்னும் வாதம் நிற்காது.

‘இரக்கம் காட்டினால் லட்சக்கணக்கானோர் வந்து குவிவர்’ என்று ஒரு பயம் சொல்லப்படுகிறது. அது முற்றிலும் வீண் பயமன்று. ஆயினும், இதுவரை தென் கொரியா போய்ச் சேர்ந்தவர் மொத்தம் 34,000-க்குச் சற்று மேல். அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ஸ்திரீகள். 2019-ல் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தனர். தொற்றுநோய்க் காலத்தில் எல்லை அடைபட்டபின் 2021-ல் 63 பேரே சேர்ந்தனர். பாதை இடுக்கமாக இடுக்கமாகத் தரகனைச் சார்ந்தே தீரவேண்டியதாகிறது. அவர்களில் கூலி பெற்று நேர்மையாக வழிகாட்டுகிறவனும் உண்டு. ஆனால் இருட்டில் அவன் யார், விற்பவன் யார் என்று அவ்வபலை எப்படி அறிவாள்?

பரிகாரம் அரிதன்று. விற்கப்பட்டவள் முறையிட்டால் அவளைத் திருப்பியனுப்புவதில்லை என்று சீன சர்க்கார் விதி செய்யட்டும். அவளுக்குத் தங்கும் சீட்டு அளிக்கட்டும். அவள் வயிற்றில் பிறந்த குழந்தை எல்லாக் குழந்தைகளையும் போலப் பதிவாகிப் பள்ளிக்கூடம் போகட்டும். அதனால் தாய் பிடிபடுவாளென்ற பயம் இராதிருக்கட்டும். ஐ.நா. அகதிகள் உத்தியோகஸ்தர் எல்லைக் கிராமங்களுக்குப் போக வழி திறக்கட்டும். அன்றே தரகனுடைய மிரட்டலுக்குப் பல் பிடுங்கப்படும்.

நம் தேசமும் 1951 ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. எனவே நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்து நாம் பேசவில்லை. சர்வாதிகாரியிடமிருந்து ஓடி வந்தவளைக் கள்ளியென்று சட்டம் அழைக்குமிடத்தில் அவளை விற்கிறவன் வியாபாரியாகிவிடுகிறான் என்பதே நாம் சொல்ல விரும்புவது. இது எந்த நாட்டு எல்லைக்கும் பொருந்தும்.