நயோபியக் கலமும் குத்தாலத்து வாயுவும்

தொடர் – பகுதி 9

சென்ற வாரம் டெல்லி பெல்லட்ரான் கோபுரத்தின் அடியில் நின்றோம். ஒன்றரைக் கோடி வோல்ட் மின்னழுத்தத்தில் அயனிகளை விரட்டும் இயந்திரம் அது. கார்பன், ஆக்ஸிஜன் போன்ற இலேசான அணுக்கருக்களுக்கு அந்த விரட்டல் தாராளமாகப் போதும். சிலிக்கன், டைட்டானியம், நிக்கல் என்று கனம் ஏற ஏற நிலைமை மாறிவிடும். இரண்டு அணுக்கருக்களும் நேர்மின்னூட்டம் கொண்டவை. கிட்டே வரவர ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை மீறி அவற்றை முட்டவைக்கக் கோபுரத்தின் வேகம் காணாது. அங்கிருந்து வெளிவரும் அயனியை இன்னொரு இயந்திரம் வாங்கி மேலும் விரட்ட வேண்டும். அதுதான் லினாக், நேர்கோட்டு முடுக்கி.

இந்தத் தொடரை நாகூரிலிருந்து எழுதுகிற எனக்கு இந்தப் பகுதியில் தனி அக்கறை உண்டு. லினாக்கின் உயிர்நாடியான ஒரு பொருள் எங்கள் டெல்டாவின் நிலத்தடி வாயுவில் கலந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் இயந்திரம்.

லினாக்கில் அயனியை விரட்டுவது 'ரெசனேட்டர்' என்று ஆய்வுக்கூடத்தார் சொல்லும் உலோகக் கலம். கோயில் மணியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே உருளை, உள்ளே உச்சியிலிருந்து தொங்கும் நாக்கு. மணியின் நாக்கு ஆடும், இது அசையாமல் பொருத்தப்பட்டது. இந்தக் கலத்துக்குள் ரேடியோ அலையைச் செலுத்தினால் மின்புலம் உள்ளுக்குள்ளேயே ஒலித்துக்கொண்டிருக்கும். டெல்லிக் கலத்தில் அது விநாடிக்கு 9 கோடியே 70 லட்சம் முறை திசை மாறும். அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். நாக்கின் நீளம் அதில் கால் பங்கு. கால் அலை ரெசனேட்டர் என்று பெயர் வந்தது அதனால்தான்.

நாக்கின் நுனிக்கு இருபுறமும் ஒவ்வோர் இடைவெளி. ஒளியின் வேகத்தில் 8 சதவீத வேகத்தோடு, அதாவது விநாடிக்கு 24,000 கிலோமீட்டரில், அயனி வருகிறது. முதல் இடைவெளியில் மின்புலம் அதை முன்னே தள்ளுகிறது. நாக்கின் குறுக்கே உள்ள துளைக்குள் அது மறைந்து 12 சென்டிமீட்டர் கடப்பதற்குள் மின்புலம் திசை மாறிவிடுகிறது. இரண்டாவது இடைவெளியிலும் தள்ளல்தான். ஒரு கலத்துக்கு இரண்டே தள்ளல். ஏன் இவ்வளவு சிக்கனம் என்றால், கன அயனி ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் வரும். போகப்போக வேகமும் கூடும். சிறுசிறு கலங்களாக வைத்து, ஒவ்வொன்றின் தாளத்தையும் தனித்தனியே திருத்திக்கொண்டால்தான் இன்று சிலிக்கனையும் நாளை நிக்கலையும் அதே வரிசையில் ஓட்ட முடியும்.

இதையே செம்பில் செய்தால் என்ன? செம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆனாலும் தடை உண்டு. உள்ளே எழுப்பிய அலை சில மைக்ரோ விநாடிகளில் வெப்பமாகிக் கரைந்துவிடும். அதை ஓயாமல் ஊட்டிக்கொண்டேயிருக்கக் கலத்துக்குக் கிலோவாட் கணக்கில் மின்சாரம் வேண்டும். நயோபியம் என்ற உலோகத்தை 9.2 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் அது மீக்கடத்தியாகிவிடுகிறது. மைனஸ் 269 டிகிரித் திரவ ஹீலியத்தில் நனைந்த நயோபியக் கலத்தில் எழுப்பிய அலை ஒரு விநாடிக்கு மேலும் ஒலித்துக்கொண்டிருக்கும். வேலை செய்யும்போது கலத்தில் வீணாகும் வெப்பம் சில வாட். அந்தச் சில வாட்டை அவ்வளவு குளிரிலிருந்து வெளியேற்ற, குளிர்விப்பு எந்திரம் ஒவ்வொரு வாட்டுக்கும் பல நூறு வாட் செலவழிக்கும். அப்படியும் கணக்கு லாபம்தான்.

அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடம் 1978-லேயே மீக்கடத்திக் கலங்களால் கன அயனிகளை விரட்டிக் காட்டியது. கால் அலை வடிவம் 1980-களின் தொடக்கத்தில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில், இலான் பென்-ஸ்வியின் குழுவிடமிருந்து வந்தது. இந்தியாவில் இரண்டு வழிகள் பிரிந்தன. மும்பை கொலாபாவில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனமும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து செம்பில் கலம் செய்து, உள்ளே ஈயம் பூசின. ஈயம் 7.2 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தி. செம்பைக் கடைவதும் எளிது. ஏழு பெட்டிகளில் நான்கு நான்காக 28 கலங்கள். முழு லினாக்கும் 2007-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சிக்கனமான, துணிச்சலான வழி. ஆனால் ஈயப்பூச்சு மென்மையானது. காற்றும் ஈரமும் பட்டால் கெடும்.

டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம், அன்றைய அணு அறிவியல் மையம், முழு நயோபியத்தைத் தேர்ந்தெடுத்தது. 1990-களில் ஆர்கானின் கென்னத் ஷெப்பர்டு குழுவோடு சேர்ந்து வடிவமைத்து, முதல் கலங்களை ஆர்கானிலேயே செய்துகொண்டார்கள். அத்தோடு நின்றிருந்தால் மீதியையும் விலைக்கு வாங்கிப் பொருத்தியிருப்பார்கள். அமித் ராய் இயக்குநராக இருந்த ஆண்டுகளில், பிரகாஷ் பொட்டுகுச்சி போன்றோரின் உழைப்பில், கலம் செய்யும் கைத்திறனே டெல்லிக்கு வந்தது. இந்த வரலாற்றில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். இயந்திரத்தை வாங்கலாம், கைத்திறன் செய்து கெடுத்துத்தான் வரும்.

நயோபியம் பிடிவாதமான உலோகம். காற்றில் சூடாக்கினால் ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டு தன் குணத்தை இழந்துவிடும். சாதாரண வெல்டிங் இதற்கு உதவாது. காற்றை முற்றிலும் வெளியேற்றிய அறைக்குள், எலெக்ட்ரான் கற்றையைக் கொண்டு பற்றவைக்க வேண்டும். அதற்கான எந்திரத்தையும் வெற்றிட உலையையும் மையத்திலேயே நிறுவினார்கள். தகடுகளை வளைப்பதும் கடைவதும் டெல்லிப் பட்டறைகளில் நடந்தன. பிறகு அமிலத்தில் மின்மெருகு: கந்தக அமிலமும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் கலந்த குளியலில் உட்பரப்பு மெல்லிய படலமாகக் கரைய வேண்டும். வெல்டிங் முடிச்சு ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் அந்த இடம் சூடாகும். ஒரு புள்ளி மீக்கடத்தும் தன்மையை இழந்தால் மொத்தக் கலமும் இழந்துவிடும். ஒரு தூசு போதும், அதிலிருந்து எலெக்ட்ரான்கள் பீறிட்டு எக்ஸ் கதிர் வரும். மிகத் தூய நீரால் அலசி, தூசு வடிகட்டிய அறையில் காயவைத்துத்தான் மூடுவார்கள்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகு புதிய தொல்லை கிளம்பியது, அதிர்வு. அலை நெடுநேரம் ஒலிக்கிறது என்றால், கலம் தன் ஒரே சுருதியில் மட்டும்தான் ஒலிக்கும் என்றும் பொருள். எங்கோ ஓடும் பம்பும், கொதிக்கும் ஹீலியமும் அந்தத் தொங்கும் நாக்கை மைக்ரான் அளவில் அசைத்தாலே சுருதி விலகிவிடும். விலகிய கலத்தைப் பிடித்து நிறுத்த ரேடியோ மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், கேபிள்கள் சூடாகும். டெல்லிக் குழு கண்ட தீர்வு என்னை வியக்கவைத்தது. நாக்கு உள்ளே பொள்ளலானது. திரவ ஹீலியம் நிற்கும் இடம் அது. அதற்குள் சிறுசிறு துருப்பிடிக்காத எஃகுக் குண்டுகளைப் போட்டார்கள். நாக்கு அதிரும்போது குண்டுகள் உருண்டு, உராய்ந்து, அதிர்வின் ஆற்றலைத் தின்றுவிடுகின்றன. தேவைப்பட்ட மின்சாரம் கணிசமாகக் குறைந்தது. 2007-ல் வெளியிட்ட இந்த முறையைச் செய்து பார்க்கப் புதிய எந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கலத்தோடு பல ஆண்டுகள் பழகிய கைக்கே இது தோன்றும்.

எட்டு எட்டாக மூன்று பெட்டிகளில் 24 கலங்கள். அயனிகளைக் கொத்தாகத் திரட்ட முன்னே ஒன்று, பின்னே இரண்டு. ஆக 27. அயனிக் கற்றையில் வேலை செய்ய நாடெங்குமுள்ள பல்கலைக்கழக மாணவர்கள் அங்கே போகிறார்கள்.

இனி ஹீலியம். 1868 ஆகஸ்டு 18 முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரில் பார்த்தவர் பிரெஞ்சுக்காரர் ஜான்சன். மசூலிப்பட்டினத்தில் பார்த்தவர் சென்னை வானாய்வகத்தின் போக்சன். இரண்டும் அன்று சென்னை மாகாணத்து ஊர்கள். அந்தக் கிரகணத்தின்போது சூரிய ஒளியில் கண்ட ஒரு மஞ்சள் கோடுதான் பின்னாளில் ஹீலியம் என்று தெரிந்தது. லைடனில் காமர்லிங் ஓன்னெஸ் 1908-ல் அதைத் திரவமாக்கினார். அந்தக் குளிரைக் கொண்டே 1911-ல் மீக்கடத்தலைக் கண்டார். நம் மாகாணத்து வானத்தில் அடையாளம் தெரிந்த பொருளை இன்று நாம் ஏறத்தாழ முழுக்க இறக்குமதி செய்கிறோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் அதுதான், லினாக்குக்கும் அதுதான்.

பாறைகளிலுள்ள யுரேனியமும் தோரியமும் சிதையும்போது ஹீலியம் பிறந்து, நிலத்தடி வாயுவோடு தங்குகிறது. மயிலாடுதுறை மாவட்டத்துக் குத்தாலத்தில் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் வாயுவில் அது சுமார் 0.06 சதவீதம், ஒரு லட்சம் கனமீட்டரில் 60 கனமீட்டர். கொல்கத்தாவின் மாறுபடு ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்தார் ஓ.என்.ஜி.சி.யோடு சேர்ந்து, அங்கே ஒரு சோதனை ஆலையில் அதைப் பிரித்துக் காட்டினார்கள். உயர் அழுத்தத்தில் வாயுவை உறிஞ்சுபொருள்களின் ஊடே செலுத்தினால் மீத்தேனும் நைட்ரஜனும் ஒட்டிக்கொள்ளும். ஹீலியம் நழுவி வந்துவிடும். 2008-ல் இதை அறிவியல் இதழில் எழுதினார்கள்.

0.06 சதவீதம் அற்பம் என்பவர்களுக்குக் கத்தாரைக் காட்டுவேன். அங்கே அளவு 0.04 சதவீதம்தான், ஆனாலும் உலகின் பெரிய ஹீலியம் ஏற்றுமதியாளர்களில் ஒன்று. வாயுவை அவர்கள் எப்படியும் திரவமாக்குகிறார்கள். திரவமாகாத ஹீலியம் மிச்சமாகத் திரண்டு நிற்கிறது. நம் வாயு குழாயில் நேரே மின்நிலையத்துக்குப் போய் எரிகிறது. மீத்தேன் மின்சாரமாகும், எரியாத ஹீலியம் புகைபோக்கி வழியே வானேறி, திரும்பி வராமலே போகும்.

டெல்டாக்காரர்களின் பயமும் எனக்குத் தெரியும். நாகூருக்குப் பக்கத்தில் நரிமணம் எண்ணெய் வயலும் பனங்குடி சுத்திகரிப்பு ஆலை வளாகமும் இருக்கின்றன. குழாய் போன வயல்களின் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இங்கே புதிய எண்ணெய், எரிவாயுத் தேடலைத் தடுக்கிறது. அந்தத் தடை நிற்க வேண்டும். ஹீலியத்துக்காகப் புதிதாக ஒரு கிணறும் தோண்ட வேண்டாம். ஏற்கெனவே குத்தாலத்துக் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் வாயுவை எரிக்கும் முன் ஒருமுறை வடிகட்டச் சொல்கிறேன். டெல்லியில் கொதித்து வெளியேறும் ஹீலியத்தைப் பைகளில் பிடித்து, அழுத்தி, மறுபடி திரவமாக்கிப் பயன்படுத்துகிறார்கள். அதே பொருள் இங்கே நாள் முழுக்கப் புகைபோக்கி வழியே போய்க்கொண்டிருக்கிறது.

(தொடரும்)