மிளகுக்குள் ஒரு சான்று

திருவனந்தபுரத்தில் ஆரியசாலையை ஒட்டி அமைந்த சாலைக் கடைத்தெரு, திவான் இராஜா கேசவதாசர் காலத்தில் உருவானது. தமிழ் வணிகர் பலர் தலைமுறைகளாக வணிகம் செய்யும் இடம் அது. அங்கு விற்கப்படும் நறுமணப் பொருள்களுள் மிளகும் ஒன்று.

மிளகு மணிகளோடு உலர்ந்த பப்பாளி விதைகள் கலந்திருந்தால், கூர்ந்து நோக்குவோர் பிரித்தறிவர். அரைத்துத் தூளாக்கிவிட்டால் கண்ணால் அறிவது அரிது. அப்போது சான்று கூறுவது செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. ஆகும். மிளகுத்தூளில் பப்பாளி விதைக் கலப்பை டி.என்.ஏ. கொண்டு கண்டறியும் முறையைக் கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவன அறிவியலார் 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

டி.என்.ஏ.வைப் பெறுவதற்குச் செல்லை உடைத்தல் வேண்டும். தாவரச் செல்லைச் செல்லுலோசால் ஆன உறுதியான சுவர் காக்கிறது. ஆகவே, ஆய்வகத்தில் மாதிரியைக் கல்வத்தில் இட்டு, –196 பாகை செல்சியசு குளிருடைய திரவ நைட்ரஜனை ஊற்றி அரைப்பர். குளிரால் சுவர் கண்ணாடிபோல் நொறுங்கும், டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளும் செயலற்றிருக்கும். பின்னர்ச் சோப்பின் இயல்புடைய கரைசலைச் சேர்த்து வெப்பப்படுத்துவர். அது கொழுப்பாலான செல் சவ்வைக் கரைக்கும். குளோரோபார்ம் கலந்து மையவிலக்குக் கருவியில் சுழற்றினால், புரதங்களும் கழிவுகளும் பிரிய, டி.என்.ஏ. மேலுள்ள நீர்ப்பகுதியில் தங்கும். குளிர்ந்த ஆல்கஹாலைச் சேர்த்தவுடன் அது வெண்ணிற இழைகளாகத் திரளும்.

எல்லாச் செல்களுக்கும் ஒரே கருவி பொருந்தாது. பாக்டீரியாவை உடைக்க நுண்ணிய கண்ணாடி மணிகளுடன் குலுக்குவதும், மீயொலியைச் செலுத்துவதும் உண்டு. மீயொலி வெப்பத்தை உண்டாக்குவதால், குழாயைப் பனிக்கட்டியில் வைப்பர். மிகுதியாகக் குலுக்கினால் நீண்ட டி.என்.ஏ. இழைகள் அறுந்துபோகும். எனவே, தேவையான அளவே விசையைச் செலுத்துதல் வேண்டும்.

தூய்மையும் இன்றியமையாதது. முந்தைய மாதிரியின் பப்பாளித் துகள் சிறிதளவு கல்வத்தில் ஒட்டியிருப்பினும், கலப்படம் செய்யாத வணிகர்மீது பழி வந்துசேரும். ஆதலின் ஒவ்வொரு மாதிரிக்கும் தூய கருவியைப் பயன்படுத்துவர்; கலப்பில்லாதது என உறுதியாகத் தெரிந்த மிளகையும் உடன்வைத்துச் சோதிப்பர். உண்போரின் நலனும் விற்போரின் நேர்மையும் அக்கல்வத்தின் தூய்மையைச் சார்ந்துள்ளன.

சொற்பொருள்

கல்வம் – மருந்து முதலியன அரைக்கும் சிறு குழியுடைய கல்
நொதி – உயிர்களில் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்
மீயொலி – செவிக்குக் கேளாத உயர் அதிர்வுடைய ஒலி

வினாக்கள்

1. திரவ நைட்ரஜனால் விளையும் இரு பயன்கள் யாவை?
2. கல்வம் தூய்மையாக இல்லாவிடின் யாருக்குத் தீங்கு நேரும்? விளக்குக.