கெட்டிலில் வெள்ளைப் படிவு: பயப்படணுமா?

கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறதா? "அழுக்குத் தண்ணியா?" என்று வீட்டில் கேட்பார்கள். அழுக்கில்லை, கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள்.

பெர்லிஸ் போன்ற சுண்ணாம்புக்கல் பகுதிகளில் மழைநீர் நிலத்துக்குள் இறங்கும்போது பாறையைக் கொஞ்சம் கரைத்து எடுத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் படிவு வரும். குடித்தால் ஆபத்தில்லை. சவர்க்காரம்தான் சரியாக நுரைக்காது, ஷவர் துளைகளும் அடைத்துக்கொள்ளும்.

கரி ஃபில்டர் வாங்கலாமா? வீண் செலவு. அது குளோரின் வாடையைக் குறைக்கும், கால்சியத்தைத் தொடாது.

கெட்டிலில் வினிகரும் தண்ணீரும் சம அளவு ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். குளியலறைக் குழாய்க்கும் வினிகர் போதும். "இன்னும் பளிச்சுனு வரட்டும்" என்று அதோடு பிளீச் மட்டும் சேர்த்துடாதீங்க: நச்சுள்ள குளோரின் வாயு கிளம்பும்.