விண்ணப்பம் போட்டாயிற்றா?

தறிச் சத்தம் ஓயாத தெரு அது. கூட்டம் முடிந்த மறுநாள் காலை, அந்தத் தெரு வழியே நடந்து வருகிறோம். கொடி கட்டுவதிலும் தட்டி தூக்குவதிலும் முதல் ஆளாக நிற்கும் தோழர் ஒருவர், நம்மைக் கண்டதும் தறியைவிட்டு இறங்கி வந்தார்.

"வாங்க அண்ணே, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

உள்ளே சென்று அமர்ந்தோம். மூலையில் அவர் மகள் இராட்டையின் முன் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அரசுப் பள்ளியிலே பன்னிரண்டாம் வகுப்பில் மூன்றாவதாக வந்த பெண் என்று ஊரார் சொல்லக் கேட்டிருந்தோம்.

"எந்தக் கல்லூரியிலே சேர்ந்திருக்கிறாய், அம்மா?"

இராட்டை நின்றது. பதில் வரவில்லை. தந்தைதான் சொன்னார்:

"சாதிச் சான்றிதழ் வரட்டும், வந்ததும் போடலாம்னு இருந்தோம் அண்ணே. சான்றிதழ் வந்துச்சு. போடப் போனா, தேதி முடிஞ்சுபோச்சுன்னுட்டாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்! சொன்னவர் குரலிலே சினம் இல்லை, கேட்ட மகள் கண்ணிலே நீர் இல்லை. இழந்தது இன்னதென்று அறிந்தால் அல்லவா அழுவதற்கு!

மதிப்பெண் இருந்தது. படிக்கும் ஆர்வம் இருந்தது. எட்டுக் கல் தொலைவில் அரசுக் கல்லூரி இருந்தது. அந்தக் கல்லூரியிலே அவள் வகுப்பாருக்கென்று சட்டம் ஒதுக்கிய இடமும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று: உரிய நாளில் போடப்பட்ட ஒரு விண்ணப்பம்.

அந்தக் கல்லூரியை நாம் அறிவோம். வானளாவும் மாடங்கள் அங்கே இல்லை. பளிங்குத் தளம் இல்லை. வரிசையாகச் சில வகுப்பறைகள், ஒரு நூலகம், ஓர் ஆய்வுக்கூடம், நடுவிலே வேப்பமரம், வாயிலிலே ஒரு தேநீர்க் கடை. அவ்வளவே. "இதெல்லாம் ஒரு கல்லூரியா?" என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. கடன் வாங்கியேனும் பளபளக்கும் கட்டடத்திலே பிள்ளையைச் சேர்த்தால்தான் கௌரவம் என்று எண்ணுவோரும் உண்டு.

கேட்கிறோம்: கல்வி கட்டடத்திலா இருக்கிறது?

காவிரிக் கரையிலே, கும்பகோணத்திலே, 1854-இல் தோன்றிய அரசுக் கல்லூரி ஒன்று இருக்கிறது. மாநகரத்திலே அன்று, கோயில் நகரத்திலே பிறந்த கல்லூரி. கணித மேதை இராமானுசன் 1904-இல் சேர்ந்தது அங்கேதான். உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கிலே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அடுத்த ஆண்டே அந்த உதவித்தொகை போயிற்று. தொகை போயிற்று, அதோடு கல்லூரிப் படிப்பும் தடைப்பட்டது. உலகம் வியந்த மூளைக்கே, உதவித்தொகை நின்றதும் படிப்பு நின்றது என்றால், நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு, சுமை தூக்குவோன் வீட்டுப் பிள்ளைக்குப் பணம் எத்தனை பெரிய மதில் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

அந்த மதிலை இடித்துக்கொண்டே வந்திருக்கிறது தமிழகம். அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் 2007-இல் நீக்கப்பட்டது. தேர்வுக் கட்டணம், பல்கலைக்கழகக் கட்டணம் போன்ற சிறு தொகைகளே மிச்சம். அரசுப் பள்ளியிலே ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்கள் கல்லூரிக்குச் சென்றால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கு அதே தொகை தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. பல அரசுக் கல்லூரிகளிலே காலையில் ஒரு சுழற்சி, பிற்பகலில் ஒரு சுழற்சி என வகுப்புகள் நடக்கின்றன. பாதி நாள் படித்து மீதி நாள் குடும்பத்துக்குத் தோள் கொடுக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர்!

2023-ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று சொல்கிறோம். அந்த ஆண்டிலே தமிழ்நாட்டில் 164 அரசு கலை அறிவியல் கல்லூரிகள், அவற்றிலே 1,07,299 இடங்கள். ஒரு இலட்சத்துக்கு மேல் நாற்காலிகள்! அவற்றிலே ஒன்று அந்த நெசவாளி மகளுக்கு உரியது. அவள் போய் அமரவில்லை.

*

இந்த நாற்காலிகள் எளிதாகக் கிடைத்தவை அல்ல, தோழர்களே! வரலாற்றிலே ஒரு விண்ணப்பத்தின் கதை இருக்கிறது. அதைக் கேட்டால் இன்றைய நம் அலட்சியத்துக்கு நாமே வெட்கப்படுவோம்.

ஆண்டு 1950. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து ஆறு திங்கள்கூட ஆகவில்லை. சென்னை மாகாணத்திலே வகுப்புவாரி உத்தரவு என்று ஒன்று இருந்தது. மருத்துவக் கல்லூரியின் ஒவ்வொரு 14 இடத்திலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்டுத் தந்த உத்தரவு அது.

செண்பகம் துரைராசன் என்ற அம்மையார் உயர்நீதிமன்றம் சென்றார். இந்த உத்தரவால் தமக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது, இது அரசியல் சட்டத்துக்கு முரண் என்றார். உயர்நீதிமன்றம் 1950 சூலையில் உத்தரவு செல்லாது என்றது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இதிலே வியப்பு என்ன தெரியுமா? அந்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை! உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கும் செய்தி இது. விசாரித்துப் பார்த்தாராம், இடம் கிடைக்காது என்று தெரிந்ததாம், ஆகவே போடவில்லையாம்.

அந்த அம்மையார்மீது நமக்குப் பகை இல்லை. வழக்காடுவது அவர் உரிமை. நாம் எண்ணிப் பார்க்கச் சொல்வது வேறு. விண்ணப்பம் போடாதவருக்குச் சட்டம் அறிந்தோர் துணை இருந்தது. எங்கே போவது, எவரைக் கேட்பது, எப்படி எழுதுவது என்ற தெளிவு இருந்தது. ஆகவே, போடாத விண்ணப்பத்துக்கும் உச்சநீதிமன்றம்வரை செவி கிடைத்தது. தறிக்காரன் வீட்டுப் பெண் போடாத விண்ணப்பத்துக்கு? தேதி முடிந்தது என்ற ஒரு சொல், அத்தோடு முற்றுப்புள்ளி!

தீர்ப்பு வந்தது. தமிழகம் தூங்கிவிட்டதா? இல்லை. பெரியாரின் குரல் எழுந்தது. தெருவெல்லாம் கிளர்ச்சி மூண்டது. 1951 சூன் மாதத்திலே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. கல்வியிலே பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு பிறந்தது. பின்னர் 1993-இல் 69 விழுக்காட்டுக்கெனத் தமிழகம் தனிச் சட்டம் இயற்றியது. 1994-இல் அது அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையிலே ஏறியது. பிற்பட்டோருக்கு 30, மிகவும் பிற்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, தாழ்த்தப்பட்டோருக்கு 18, பழங்குடியினருக்கு 1.

அந்த எண்களின் பின்னே எத்தனை ஊர்வலங்கள்! எத்தனை தடியடிகள்! எத்தனை சிறைவாசங்கள்! அத்தனையும் நடந்தது எதற்கு? தேதி முடிந்துபோச்சு அண்ணே என்று நம் தோழர் சொல்வதற்கா?

விண்ணப்பம் போட்டவனுக்குத்தான் விழுக்காடு. போடாதவனுக்கு அது சுவரொட்டியிலே படிக்கும் எண் மட்டுமே.

*

ஆகவே, செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். படித்துவிட்டு மடித்து வைக்க வேண்டாம், கத்தரித்து ஒட்டி வையுங்கள்.

முதலாவது, சான்றிதழ். சாதிச் சான்றிதழை ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுதும் செல்லும். அதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையிலே தேடி ஓடுவானேன்? பிள்ளை ஒன்பதாவது படிக்கும்போதே வாங்கி வையுங்கள். பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியர் தர வேண்டியது, அதற்கு நாள் பிடிக்கும். அவர்கள் இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, நாள். விண்ணப்பம் வழக்கமாக மே மாதத்திலே, தேர்வு முடிவு வரும் அதே நாட்களை ஒட்டித் தொடங்குகிறது. இரண்டு மூன்று வாரத்திலே முடிந்துவிடுகிறது. முடிவு வந்த மகிழ்ச்சியிலே மிட்டாய் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மிட்டாய் வாங்கப் போகும் வழியிலேயே விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள்!

மூன்றாவது, கட்டணம். 2025-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலே விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், ஆக 50. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 2 ரூபாய் மட்டும். பணம் தடை என்று எவரும் சொல்ல முடியாது. கணினி அறியோம் என்பவருக்கும் வழி உண்டு. அரசுக் கல்லூரிகளிலேயே சேர்க்கை உதவி மையங்கள் அமைக்கப்படுகின்றன. தாள்களை எடுத்துக்கொண்டு நேரே போனால் அங்கேயே பதிந்து தருவார்கள்.

நான்காவது, பாடம். ஒரே கல்லூரி, ஒரே பாடம் என்று எழுதிவிட்டு வானத்தைப் பார்த்து நிற்காதீர்கள். விரும்பும் பாடம் முதலில், அடுத்தது அடுத்து என வரிசையாக எழுதுங்கள். இன்னொரு நுட்பம்: பெரும்பாலான பாடங்களுக்கு நான்கு முதன்மைப் பாட மதிப்பெண்களைக் கூட்டித் தரவரிசை போடுகிறார்கள். தமிழ் இலக்கியத்துக்கோ தமிழ்ப் பாட மதிப்பெண்தான் அளவுகோல், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண். கணக்கிலே தடுமாறிய பிள்ளை தமிழிலே தலைநிமிர்ந்து நின்றிருக்கலாம். அவனுக்கும் ஒரு வாயில் திறந்தே இருக்கிறது. நுழைவுத் தேர்வு எதுவும் கிடையாது.

ஐந்தாவது, அலைபேசி எண். சிரிக்காதீர்கள், இதனால் இடம் இழந்தோர் உண்டு. கடையிலே போய் விண்ணப்பம் போடும்போது, கடைக்காரர் தம் எண்ணையே பதிந்துவிடுகிறார். கலந்தாய்வுக்கு வா என்ற செய்தி அவருக்குப் போகிறது. அவரிடம் அப்படி நூறு செய்தி. உங்கள் பிள்ளையை அவர் எங்கே தேடுவார்? சொந்த எண்ணைக் கொடுங்கள். கொடுத்தபின் அந்த எண்ணை மாற்றாதீர்கள்.

ஆறாவது, கலந்தாய்வு நாள். இது அந்தந்தக் கல்லூரியிலேயே நடக்கிறது. மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் மக்கள் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு முதலில், மற்றவர்க்குத் தரவரிசைப்படி பின்னர். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், ஒளிப்படம் எல்லாம் ஒரே பைக்குள் இருக்கட்டும். அன்று போகாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அன்று ஒரு நாள் கூலி போகும், தெரியும். அந்த ஒரு நாள் கூலிக்கு அஞ்சினால், பிள்ளையின் நாற்பது ஆண்டுக் கூலி போகும்!

தேதி தவறினாலும் முற்றாகக் கைவிட வேண்டாம். காலியாய் நிற்கும் இடங்களுக்குத் துணைச் சேர்க்கை அறிவிக்கும் வழக்கம் உண்டு. கல்லூரி வாயிலுக்கே போய்க் கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

*

கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்.

நம் படிப்பகங்களிலே நாளேடு இருக்கிறது, தலைவர் படம் இருக்கிறது, மாலை வேளையிலே காரசாரமான விவாதம் இருக்கிறது. இனி ஏப்ரல் மாதம் பிறந்ததும் அங்கே இன்னொன்றும் இருக்கட்டும். உங்கள் தெருவிலே பன்னிரண்டாவது எழுதிய பிள்ளைகள் யார் யார் என்ற பட்டியல். ஒவ்வொரு பெயரின் எதிரிலும் மூன்று கட்டம்: சான்றிதழ் உண்டா, விண்ணப்பம் போட்டாயிற்றா, கலந்தாய்வுக்குப் போயாயிற்றா. தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கிறோமே, அந்தக் கால்களுக்கு இந்தத் தெருக்கள் தெரியாதா? அந்த வீட்டார் எந்தக் கட்சி என்று கேட்க வேண்டாம். பிள்ளை நம் ஊர்ப் பிள்ளை, அது போதும்.

அந்த நெசவாளியின் மகளை அழைத்துக்கொண்டு துணைச் சேர்க்கைக்குப் போனோம். அவள் கேட்ட வேதியியலிலே ஓர் இடமும் இல்லை. இருந்த ஒன்றிரண்டு இடங்களும் அவள் படித்த பிரிவுக்குப் பொருந்தவில்லை. திரும்பி வரும் பேருந்திலே அவள் சன்னலோரம் அமர்ந்து, கல்லூரி வாயில் மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள். தந்தை எதுவும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. என்ன இருக்கிறது பேச? கூட்டத்துக்குக் கொடி கட்ட அந்தத் தோழரை அழைத்தோம். உன் மகள் விண்ணப்பம் போட்டாளா என்று கேட்க மறந்தோம். குற்றம் அவருடையது மட்டும் அன்று, நம்முடையதும்தான்.

அடுத்த மே மாதம் அவள் விண்ணப்பம் முதல் நாளே போகும். அதை நாம் பார்த்துக்கொள்கிறோம்.

உங்கள் தெருவிலே இருப்பவளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நாளை காலை தேநீர்க் கடையிலே தோழரைக் கண்டதும், வணக்கம் சொன்ன கையோடு கேளுங்கள்:

"விண்ணப்பம் போட்டாயிற்றா?"